விண்டோஸோடு உபுண்டுவையும் நிறுவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கணினி பழகும் மாணவர்கள் விண்டோஸை வைத்துக்கொண்டே, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும் நிறுவ முனையும்போது, நாங்கள் ஒரு காலத்தில் விட்ட பிழைகளையே வரிசை பிசகாமல் விடுகிறார்கள். கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விரிக்கவில்லை.

மீட்புச் சாவி இல்லாமல் தொடங்குதல்

விண்டோஸ் 11 உள்ள பல மடிகணினிகளில், மைக்ரோசொப்ட் கணக்கொன்றால் முதன்முதலாக உள்நுழைந்ததும் வன்தட்டு தானாகவே மறைகுறியாக்கப்பட்டுவிடும், அதாவது சாவியின்றி வாசிக்க முடியாதபடி ஆகிவிடும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பு இதை இன்னும் பரவலாக்கியது. உரிமையாளர் பெரும்பாலும் இதை அறிந்திருப்பதில்லை. உபுண்டுவுக்காக அவர் செக்கியூர் பூட் (Secure Boot) என்னும் தொடக்கப் பாதுகாப்பை நிறுத்தினால், அடுத்த முறை விண்டோஸ் திறப்பதற்குப் பதிலாக, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும் நீலத் திரை வந்து நிற்கக்கூடும்.

வந்தாறுமூலை வளாகத்தில் இறுதியாண்டு படித்த மாணவி ஒருவர் அப்படியொரு திரையோடு கல்லடியில் என்னிடம் வந்தார். கட்டாரிலிருந்து மாமா வாங்கி அனுப்பிய மடிகணினி அது. ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளை அத்திரை கேட்டது. சாவி முதலில் உள்நுழைந்தவரின் கணக்கிலேயே சேமிக்கப்படும். அந்தக் கணக்கையோ அங்குள்ள கடைக்காரர் தம் வசதிக்காக உருவாக்கியிருந்தார், கடவுச்சொல் மாமாவுக்கும் தெரியாது. செக்கியூர் பூட்டை முன்போல இயக்கினால் சில வேளைகளில் விண்டோஸ் திறந்துவிடும். ஆனால் யாரோ சொன்னதைக் கேட்டு கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயோஸில், மறைகுறியாக்கச் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லின் பதிவுகளையும் அழித்துவிட்டதால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. ஆய்வறிக்கைக்குச் சேகரித்த தரவுகள் அத்தனையும் வன்தட்டில் இருந்தும் அவற்றை எடுக்க முடியவில்லை.

முன்கூட்டியே சில நிமிடங்கள் ஒதுக்கியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் இந்தத் தவறைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. விண்டோஸ் அமைப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இயங்கினால், உங்கள் கணக்கில் உள்ள சாவியைக் கொப்பியில் எழுதி, ஒவ்வோர் இலக்கத்தையும் சரிபாருங்கள். கணக்கு உங்களுடையது அல்லவெனில் மறைகுறியாக்கத்தை நிறுத்திவிட்டு, அது முழுமையாக நீங்கும்வரை பொறுத்திருங்கள். உபுண்டு நிறுவி பிட்லொக்கர் என்னும் இந்த மறைகுறியாக்கத்தைக் கண்டு உங்களைத் திருப்பி அனுப்பினாலும் இதையே செய்யுங்கள். அலுத்துப்போய், வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவை அழுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதன்பின் விண்டோஸும் இல்லை, கோப்புகளும் இல்லை.

பாஸ்ட் ஸ்டார்ட்டப்பை விட்டுவைத்தல்

விரைவாகத் தொடங்கவைக்கும் இந்த வசதி இயங்கும்வரை விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. பாதி உறக்கத்திலேயே இருக்கும். அந்நிலையில் உபுண்டுவிலிருந்து விண்டோஸ் பாட்டிசனை, அதாவது விண்டோஸ் இருக்கும் வன்தட்டுப் பகுதியை, திறந்தால் பெரும்பாலும் வாசிக்க மட்டுமே முடியும், வற்புறுத்தி எழுதினால் கோப்புகள் பழுதாகும். பவர் ஒப்ஷன்ஸில் இதை நிறுத்திவிடுங்கள்.

பாட்டிசனைச் சுருக்குதல்

உபுண்டுவுக்கு இடம் ஒதுக்க, விண்டோஸ் பாட்டிசனை விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மன்ட்டிலேயே சுருக்குங்கள்.

மின்சாரம்

யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கும் கடிகாரம்

கணினியின் உட்கடிகாரத்தை உபுண்டு உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே இலங்கை நேரமென்று வாசிக்கிறது. பற்றரியை மாற்றிப் பயனில்லை. உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி உபுண்டுவுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் போதும்.

உபுண்டு பாட்டிசனை அவசரப்பட்டு அழித்தல்

உபுண்டு வேண்டாமென்று முடிவு செய்தால், பயோஸின் தொடக்க ஒழுங்கில் விண்டோஸ் பூட் மனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேராகத் திறப்பதை உறுதிசெய்த பின்பே அந்தப் பாட்டிசனை அழியுங்கள். இல்லாவிட்டால், அழிந்துபோன பாட்டிசனில் தன் அமைப்புக் கோப்பைத் தேடும் குரப் என்னும் உபுண்டுவின் தொடக்க நிரல், கறுப்புத் திரையில் வெறும் கட்டளை வரியோடு நின்றுவிடும்.