‘எப்படி இருக்கு?’ என்று கேட்பதை விட்டேன்

எங்கள் தெருக் கபடிப் போட்டிக்கு நான்தான் போஸ்டர் செய்தேன். இரண்டு இரவு வேலை. சிவப்புப் பின்னணி, அதில் பச்சை எழுத்து, சுற்றிலும் ஒளிவட்டம். வாட்ஸ்அப்பில் எல்லோரும் ‘செம’ என்றார்கள். அச்சகத்து அண்ணன் மட்டும் மொபைலைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, “தேதி எங்கப்பா?” என்றார். சுருக்கென்றது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன்: எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பல். எழுத்தை வெள்ளையாக்கி, தேதியை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். ஒளிவட்டத்தை எடுக்கத்தான் மனசு வரவில்லை, எடுத்தேன்.

இப்போதெல்லாம் 5 விநாடி காட்டிவிட்டு மறைத்துக்கொண்டு, “என்னைக்கு, எங்க?” என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் கோளாறு என்னிடம்.

பிறருக்குக் கருத்துச் சொல்வதில்தான் சொதப்பினேன். சித்தி மகனின் பிறந்தநாள் பேனரைப் பார்த்து ‘ஒரே கசகசன்னு இருக்கு’ என்றேன். ஒரு மாதம் அவன் எனக்கு எதையும் காட்டவில்லை. அப்புறம் நானே கேட்டு வாங்கி, “அஞ்சு ஃபான்ட் இருக்குடா, ரெண்டு போதும். வரிக்கு நடுவுல இடம் விடு, மேல் வரி ‘மு’வோட கால் கீழ் வரி ‘வி’யோட கொக்கியில இடிக்குது” என்றேன். அன்றிரவே திருத்தி அனுப்பினான். ஃபான்ட் மூன்று இருந்தது. சரி, விட்டுவிட்டேன்.