டர்ன் இட் ஆஃப் சரி, டர்ன் ஆஃப் இட் ஏன் தப்பு?

இங்கிலீஷ்ல ஒரு வெர்ப் பின்னாடி அப், ஆஃப், அவுட்னு குட்டியா ஒண்ணு ஒட்டுனா அர்த்தமே மாறிடுதேன்னு நிறைய பேர் மிரளுறாங்க, ஆனா தமிழ்ல நாம தினமும் பண்றதும் அதேதான், குழந்தைய பாருன்னா வேற, குழந்தைய பாத்துக்கோன்னா வேற இல்லையா, அந்த "க்கோ" பண்ற வேலையதான் லுக் ஆஃப்டர்ல ஆஃப்டர் பண்ணுது. சாப்பிடுன்னா ஈட், மிச்சம் வைக்காம சாப்ட்டுடுன்னா ஈட் அப். ட்ரிங்க் அப், யூஸ் அப் எல்லாம் இதே கணக்கு (கெட் அப், கிவ் அப்புக்கு இது செட்டாகாது, அதெல்லாம் தனியா பழகணும்). புட் ஆஃப்னா தள்ளிப்போடுறது, அங்கயும் போடுதான் பாருங்க.

நூறு, இருநூறுன்னு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றது வேஸ்ட். புதுசா ஒண்ணு கண்ணுல பட்டா முதல்ல இட் எங்க உக்காரும்னு பாருங்க. டர்ன் ஆஃப் த ஃபேன், டர்ன் த ஃபேன் ஆஃப், ரெண்டுமே ஓகே, ஆனா ஃபேன எடுத்துட்டு இட் போட்டா டர்ன் இட் ஆஃப் மட்டும்தான், சொல்லும்போது அழுத்தமும் ஆஃப்லதான் விழும். லுக் ஆஃப்டர் அதுக்கு நேர் எதிர், லுக் ஆஃப்டர் ஹிம்தான், நடுவுல யாரையும் நுழைய விடாது. புட் அப் வித் (பொறுத்துக்கறது) மாதிரி மூணு வார்த்தைல வர்றதுக்கும் இட் கடைசிலதான். அதனால நோட்ல எழுதும்போதே டர்ன் இட் ஆஃப், பிக் ஹெர் அப், லுக் ஆஃப்டர் ஹிம்னு ஆளோட சேத்தே எழுதிடுங்க, ரூல்னு தனியா எதுவும் ஞாபகம் வச்சுக்க வேணாம்.

இன்னொரு பக்கம், தேவையே இல்லாத இடத்துல நாமளா ஒட்டுறதும் இருக்கு. அதப் பத்தி பேசலாம்னு மனசுக்குள்ள ஓடுறதால டிஸ்கஸ் அபவுட்னு வந்துடுது, டிஸ்கஸ் இட் போதும். அவர்கிட்ட கேளுங்கறது ஆஸ்க் டு ஹிம்னு ஆயிடுது, ஆஸ்க் ஹிம்தான் சரி. சமாளிக்கறதுக்கு சொல்ற கோப் அப் வித்துல அந்த அப் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல, கோப் வித்தான் சரி.

நான் ரொம்ப நாளா மெயில் கடைசில லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூன்னே அடிச்சு அனுப்பிட்டு இருந்தேன், டீம்ல ஒரு அக்காதான் தனியா கூப்ட்டு சொன்னாங்க, டு பின்னாடி இட் போட்டுப் பாருடா, லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்னு நிக்குதுல்ல, அப்போ அது ப்ரெபொசிஷன், அதாவது பின்னாடி பெயர்ச்சொல் மாதிரி ஒண்ண கேக்கற வார்த்தை, அதனால மீட்டிங்னுதான் வரணும்னு. யூஸ்ட் டுல மட்டும் கொஞ்சம் உஷாரா இருங்க, ஐ யூஸ்ட் டு ஸ்மோக்னா முன்னாடி சிகரெட் பிடிச்சேன், ஐ ஆம் யூஸ்ட் டு ஸ்மோக்னா (இங்க ஸ்மோக் வெர்ப் இல்ல, புகைங்கற பெயர்ச்சொல்) புகை பழகிப்போச்சு.