கரடி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குகை, எச்சம், வாழிடம்

நம் ஊர்க் கரடி, அதாவது தேன்கரடி, பனிக்காலம் முழுக்கத் தூங்கிக் கிடக்காது. கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். ஆனால் முதுமலைக்கோ கர்நாடகத்தின் தரோஜி கரடிச் சரணாலயத்துக்கோ வரும் ஆய்வுத் திட்டங்களில் குகை என்ற பேச்சு வந்தாலே, வட அமெரிக்கக் கருங்கரடியைப் பற்றிப் படித்தது உள்ளே புகுந்துவிடுகிறது. அங்கே குகை என்றால் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும் இடம். இங்கே அது இரண்டு வகை. வெயிலுக்கு ஆணும் பெண்ணும் பகலில் ஒதுங்கும் பாறை இடுக்கு ஒன்று. தாய்க்கரடி குட்டி ஈனும் குகை இன்னொன்று. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டால் அப்புறம் போடும் கணக்கு எதுவும் தேறாது. வாசலில் கரடியின் ரோமமும் எச்சமும் (கழிவும்) கிடந்தால் கரடி வந்துபோயிருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். எட்டத்தில் கட்டிய தானியங்கி கேமராவில் தாய் வாரக்கணக்கில் அதே குகைக்குத் திரும்புவதும், பிறகு குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வருவதும் பதிவாகியிருந்தால்தான் அது ஈன்ற குகை.

இந்த உறுதிக்காக உள்ளே எட்டிப் பார்க்கப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. குட்டிகள் பிறந்து இரண்டு மூன்று மாதம் தாய் அந்தக் குகையை நம்பித்தான் இருக்கிறது. ஸ்காண்டினேவியப் பழுப்புக் கரடிகளைப் பற்றி 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஈனும் முன் குகை மாறிய தாய்களில் 60 சதவீதம் குட்டிகளைக் குகையிலோ அருகிலோ இழந்ததாகச் சொல்கிறது. மாறாத தாய்களில் அது 6 சதவீதம்தான். இனம் வேறு, குளிர் வேறு என்பது உண்மை. ஆனாலும் நம் கரடியிடம் அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆளுக்கும் ஆபத்து: குட்டியோடு இருக்கும் தாய், ஆளை அருகில் கண்டால் பாய்ந்துவிடும். குகையை அளக்க வேண்டுமா, குட்டிகளோடு தாய் இடம் மாறிப் போனதை உறுதி செய்துகொண்டு போய் அளக்கலாம்.

அடுத்து எச்சம். சல்லடையில் போட்டுக் கழுவினால் கொன்றை விதை முழுசாக நிற்கும், இலந்தைக் கொட்டை நிற்கும், கறையானின் கெட்டியான பழுப்புத் தலைகள் அடியில் படியும். கறையானின் மெத்தென்ற உடலைக் காணோம். தேன் தடமே இல்லாமல் போயிருக்கும், அதிகம் போனால் மெழுகுத் துணுக்கும் தேனீயின் இறகும் மிஞ்சும். எத்தனை எச்சத்தில் எது இருந்தது என்று மட்டும் எண்ணி, அதையே கரடியின் சாப்பாட்டு விகிதமாக எழுதினால், செரிக்காதது உணவாகவும் செரித்தது இல்லாததாகவும் ஆகிவிடும். செரிமானத்துக்கான திருத்தக் கணக்கைச் செய்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில் சாணவண்டும் மழையும் எச்சத்தை வேகமாகக் கரைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கோடையில் நிறையக் கிடைத்ததை வைத்துக் கோடையில்தான் கரடி அதிகம் நடமாடுகிறது என்று சொல்ல முடியாது.

வாழிடத்தைக் கணிப்பதிலும் இதே சிக்கல்தான். தோண்டிய கறையான் புற்று மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நாவல் மரத்தடியில் கரடி ராவெல்லாம் பழம் பொறுக்கியிருந்தாலும் விடிந்தால் பெரிதாக அடையாளம் இருக்காது. ஆகவே நமக்குத் தெரியும் வரைபடம் புற்றுள்ள காட்டின் பக்கமே சாயும். காட்டுப்பன்றி கிளறியதையும் எறும்புத்தின்னி பறித்ததையும் கரடிக் கணக்கில் எழுதுவது இன்னொன்று. நகக்கீறலைப் பார்க்காமல் குறிக்கவே கூடாது.

செயற்கைக்கோள் வழியாக இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டையை (ரேடியோ காலர்) போட்டால் இந்தச் சாய்வு போய்விடும் என்று நினைக்கிறார்கள். குகைக்குள்ளும் அடர்ந்த புதருக்குள்ளும் செயற்கைக்கோள் சமிக்ஞை பெரும்பாலும் எட்டாது. அந்த மணிநேரங்களைத் தரவு இல்லை என்று நீக்கிவிட்டால், கரடி மறைவில் கழித்த நேரமெல்லாம் போய், திறந்த வெளியில் அலைந்தது மட்டும் மிஞ்சும். காலர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கரடியின் கழுத்துக்கும் தலைக்கும் பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை. தளர்வாகப் போட்டால் கழன்று விழும், இறுக்கிப் போட்டால் உடல் பெருக்கும்போது சதையை அறுக்கும். நாளானால் இற்று அறுந்துபோகும் துணி இணைப்பை வைக்காமல் காலர் மாட்டக் கூடாது.

கரடிகளை எண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. புலிக்கு வரி இருப்பதுபோல் கரடிக்கு இல்லை. நெஞ்சிலுள்ள வெண்குறி கரடிக்குக் கரடி மாறினாலும் கேமராவில் அது அபூர்வமாகத்தான் தெரியும். முடியிலோ எச்சத்திலோ எடுத்த மரபணுதான் நம்பகமானது.

கடைசியாக, ஓரிடத்து எண்ணை இன்னோர் இடத்துக்குத் தூக்கிப் போவது. இலங்கையின் வஸ்கமுவவில் பெண் கரடியின் நடமாட்டப் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர், ஆணுக்கு 4-க்குள். நேபாளத்தின் சித்வானில் பெண்ணுக்குச் சுமார் 9, ஆணுக்கு 14. கணக்கிட்ட முறையும் ஒன்றல்ல. இப்படியிருக்க, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து, கோயில் விளக்கின் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிக்கு வஸ்கமுவ எண்ணை வைத்து எல்லை வரைவது எப்படிப் பொருந்தும்? அங்கே சோலைக்காட்டை மட்டும் வாழிடம் என்று குறித்துவிட்டுத் தோட்டத்தில் வந்ததை வழி தவறிய கரடி என்று ஒதுக்கவும் கூடாது. தோட்டத்தையும் சேர்த்து, எல்லாப் பருவத்திலும், அங்கேயே அளக்க வேண்டும்.