ஆல்டர்நேட்டரைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

அப்பாவின் 1998 மாருதி 800-க்கு ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றினேன். இரண்டாவதும் மழைக்காலத்தில் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரைக் கழற்றிப் புது கார்பன் பிரஷ் போட்டும் அதே கதைதான். கடைசியில் கோளாறு இருந்தது ஒரு சாண் நீள எர்த் பட்டையில். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் பேட்டரியில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் முதலில் வெளியே சார்ஜ் போட்டுவிடுங்கள். காலி பேட்டரியை வைத்து எடுக்கும் அளவுகள் குழப்பத்தான் செய்யும்.

அப்புறம் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அதுவும் கோளாறுதான். இந்த வயது வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்நேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு போனாலே சார்ஜ் ஏறாமல் போகலாம். ஃபேன் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்து அளந்தால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போயிருக்கும். பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைவதும் அதற்கு ஓர் அடையாளம்.

எங்கள் வண்டி லைட் போட்டதும் 13.3 காட்டியது. ஆல்டர்நேட்டர் மேல் பழி விழுவது இந்த இடத்தில்தான். அவசரப்படாதீர்கள். லைட் எரியும்போதே, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் பின்னால் தடித்த வயர் வரும் போல்ட்டிலும், மறுமுனையை அதன் உடம்பிலும் வைத்துப் பாருங்கள். எனக்கு 14.2 வந்தது. ஆல்டர்நேட்டர் ஒழுங்காகத்தான் கொடுக்கிறது, வழியில் 0.9 வோல்ட் காணாமல் போகிறது!

எங்கே? அந்த போல்ட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை அளந்தால் 0.1. அது சரி. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஆல்டர்நேட்டர் உடம்பு வரை 0.8. அங்கே 0.2-க்கு மேல் இருக்கவே கூடாது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை போல்ட்டுக்கு அடியில் துருவேறிக் கிடந்தது. ரெகுலேட்டர் ஆல்டர்நேட்டருக்குள்ளேயே இருப்பதால் அது தன் அருகே உள்ள வோல்ட்டைத்தான் பார்க்கும். 14.2 வந்துவிட்டது, போதும் என்று நின்றுவிடும். அங்கே பேட்டரி அரைவயிற்றோடு கிடக்கும். புது பேட்டரி போட்ட அன்றே செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றியதை நான் கவனித்திருக்க வேண்டும். செல்ஃபுக்கும் அதே பட்டைதான் வழி.

பாடியில் உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். லைட் போட்டு 14.1.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. அது ஆல்டர்நேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்நேட்டரில் வோல்ட் திடீரென எகிறி, உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். டயோடு மேல் சந்தேகம் என்றால், எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளந்தால் போதும், 0.5-க்கு மேல் காட்டினால் ஆல்டர்நேட்டரைக் கழற்றலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறதா? எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவுக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் கோத்துவிடுங்கள். அப்போது சாவியைத் தொடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 0.05 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த வயரைப் பின்தொடருங்கள்.