முதல் பனிக்கால மலையேற்றம்: கோடரிக்கு முன்னால் காலைக் கவனிங்க

"ஐஸ் ஆக்ஸ் வாங்கிட்டேன், எப்ப கிளம்பலாம்?" என்று நண்பர் ஒருவர் போட்டோ அனுப்பியிருந்தார். என்ன பூட்ஸ் வச்சிருக்கே என்று கேட்டேன். கோடையில் போட்ட அதே மெத்து மெத்து ஷூதானாம். புதிதாக வருகிறவர்களின் கண் முதலில் கோடரி மேல்தான் போகும். பனிச்சரிவில் ஆளைக் காப்பாற்றுவது என்னவோ காலடிதான்.

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸை வைத்தே சொல்கிறேன். உயரம் 1345 மீட்டர். ஆனால் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்தே ஏற வேண்டும். டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் 7 மணி நேரத்தைக்கூடத் தொடாது.

1. பூட்ஸும் க்ராம்பனும்

க்ராம்பன் என்பது பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம். பூட்ஸின் விறைப்பை பி1, பி2, பி3 என்றும், அதற்குப் பொருந்தும் க்ராம்பனை சி1, சி2, சி3 என்றும் தரம் பிரிப்பார்கள். செங்குத்துச் சரிவில் ஏறத் தொடங்குகிறவருக்கு பி2 பூட்ஸும் 12 முள் வைத்த சி2 க்ராம்பனும் போதும். வளைகிற பூட்ஸில் விறைப்பான க்ராம்பனை மாட்டினால் நடுவழியில் கழன்றுவிடும்.

வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். வாரைக் கட்டாமல் பூட்ஸைத் தூக்கி உதறுங்கள். அப்போதும் க்ராம்பன் விழக்கூடாது. அடுத்து, மலையில் போடப்போகும் தடித்த கையுறையோடு வாரைக் கட்டிப் பழகுங்கள். வரவேற்பறையில் சிரிப்பாகத்தான் இருக்கும். காற்றில் கையுறையைக் கழற்றி இரண்டு நிமிடம் நின்றவருக்குத்தான் அருமை தெரியும்.

2. மற்ற சாமான்

50 முதல் 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நேரான கோடரி, ஹெல்மெட், ஹெட் டார்ச், வரைபடம், திசைகாட்டி, கண்ணை மூடும் காகிள்ஸ். கையுறை மட்டும் மூன்று ஜோடி. ஒன்று நனையும், ஒன்று பறக்கும்.

3. நடை பழகுதல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஸ்காட்லாந்திலேயே இன்னொரு மலைப்பகுதியான கெய்ர்ன்கார்மின் பனிச்சறுக்கு மையத்திலிருந்து ஒரு மணி நேர நடையில் ஒரு பெரிய பனிக் கிண்ணம் இருக்கிறது. வரைபடத்தில் 'Coire an t-Sneachda' என்றிருக்கும். எழுத்தைக் கூட்டினால் வேறு மாதிரி வரும், உள்ளூர்க்காரர்கள் ஏறக்குறைய 'கோரி அன் ட்ரெக்க' என்பார்கள். அதன் அடிவாரச் சரிவுகள் பயிற்சிக்கு நல்லவை.

சாய்வு குறைவாக இருக்கும்போது பாதத்தை முழுதாகப் பதியுங்கள். எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் பனியில் இறங்க வேண்டும். சரிவு கூடினால் முன் முட்களை மட்டும் குத்தி ஏறுங்கள். அப்போது குதிகாலைத் தூக்காதீர்கள். தூக்கினால் முள் பிடி விடும், கெண்டைக்காலும் எரியும். இரண்டு காலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும். ஒரு காலின் முள் மறுகால் பேன்ட்டில் மாட்டித்தான் பலர் விழுகிறார்கள். என் முதல் பேன்ட்டில் தையல் போட்ட இடம் ஏழு.

கோடரி எப்போதும் மேட்டுப் பக்கத்துக் கையில். திரும்பும்போது கையும் மாற வேண்டும்.

4. சறுக்கினால் நிற்க

சரிவின் அடி சமதளமாக முடிகிற, பாறை இல்லாத இடத்தில், க்ராம்பனைக் கழற்றிவிட்டு, ஹெல்மெட்டோடு பழகுங்கள். கோடரித் தலையின் அகன்ற பக்கம் தோள்குழியில் பதிய வேண்டும், தண்டு மார்புக்குக் குறுக்கே. மறுகை தண்டின் கீழ்முனையை மூடிப் பிடிக்கட்டும். குப்புறப் புரண்டு, மார்பின் முழுப் பாரத்தையும் கூர்மூக்கின் மேல் போடுங்கள். பாதங்களைத் தூக்கியே வைத்துப் பழகுங்கள். க்ராம்பனோடு வேகமாகச் சறுக்கும்போது முள் பனியில் சிக்கினால் ஆளையே குட்டிக்கரணம் அடிக்க வைக்கும். தலைகீழாகவும் மல்லாந்தும் சறுக்கிப் பழகுங்கள், நாம் கேட்டபடி விழமாட்டோம்.

இறுகிய பனிக்கட்டியில் இந்த வித்தை பலிக்காது. வேகம் பிடிப்பதற்குள் நிற்காவிட்டால் நிற்பது கஷ்டம். அதனால்தான் மூன்றாவது படிக்கு அவ்வளவு எழுதினேன். முதல் இரண்டு நாள் பயிற்றுநரோடு போவது நல்லது. ஏவிமோர் பக்கத்திலுள்ள க்ளென்மோர் லாட்ஜில் இதற்கென்றே வகுப்பு நடக்கிறது.

5. முந்தைய நாள் மாலை

ஸ்காட்டிஷ் பனிச்சரிவு (அவலாஞ்ச், அதாவது பனி மொத்தமாகச் சரிந்து விழுவது) அறிவிப்பு மையம் குளிர்காலத்தில் தினமும் மறுநாளுக்கான நிலவரத்தை வெளியிடும். பென் நெவிஸுக்கு 'லோஹாபர்' பகுதியைப் பாருங்கள். அபாயம் 1 முதல் 5 வரை. எண்ணோடு நிறுத்தாமல், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்று காட்டும் வட்டப் படத்தையும் படியுங்கள். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகள்தான் அதிகம் சரிகின்றன, நாம் ஏற ஆசைப்படுவதும் அவைதான். தென்மேற்குக் காற்று அடித்தால் அள்ளிய பனியை வடகிழக்கு இடுக்குகளில் கொட்டி வைக்கும். காலடியில் பனி 'வும்ப்' என்று அமுங்கினாலோ, விரிசல் ஓடினாலோ, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

6. ஏறும் நாள்

ஸ்காட்லாந்தில் பனி ஏற்றங்களைக் கடினத்தை வைத்துத் தரம் பிரிப்பார்கள், 1 தான் எளிது. முதல் ஏற்றத்துக்குத் தரம் 1 போதும். பென் நெவிஸின் வடமுகத்தில் 'நம்பர் ஃபோர் கல்லி' என்ற பாறை இடுக்கு அந்த வகை. அதன் உச்சியில் பனி, கூரைத் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கார்னிஸ் என்பார்கள். கீழே நின்று பார்க்கும்போதே அது பெரிதாகத் தெரிந்தால் அன்று வேண்டாம். க்ராம்பனைச் சரிவு தொடங்கும் முன், சமதளத்திலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

உச்சி வரை போனால், மேகம் மூடியபின் தரைக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு பக்கமும் பள்ளம். இறங்கும் வழி திசைகாட்டியில்தான்: உச்சிக் கல்தூணிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. இந்த இரண்டு எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். இவை வரைபடக் கோணங்கள், அந்த வருடத்துக் காந்த விலகலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 150 மீட்டருக்குப் பனியில் உங்களுக்கு எத்தனை எட்டு என்று முன்பே எண்ணி வையுங்கள். கோடை எண்ணிக்கை இங்கே உதவாது.

7. வீடு வந்ததும்

க்ராம்பனைத் துடைத்துக் காயவையுங்கள். ஈரத்தோடு பைக்குள் போட்டால் அடுத்த வாரம் துருவோடு வெளியே வரும். மழுங்கிய முள்ளை அரத்தால், கையாலேயே ராவுங்கள். மிஷின் வைத்து ராவினால் சூட்டில் இரும்பின் உறுதி போய்விடும்.