சீகிரியா, தம்புள்ளை, மின்னேரியா: முதல்முறை போகிறவர்களுக்கு ஒன்றரை நாள் திட்டம்

இலங்கையின் நடுப்பகுதியில் உள்ள இந்த மூன்று இடங்களிலும் காட்டையும் வரலாற்றையும் பிரிக்கவே முடியாது. இரண்டையும் இணைப்பது தண்ணீர். அதை மனதில் வைத்துப் பார்த்தால் பயணம் இன்னும் ருசிக்கும்.

1. மாதம்

ஆகஸ்ட், செப்டம்பர்தான் என் தேர்வு. அப்போது மின்னேரியாக் குளம் வற்றி, கரையில் இளம்புல் முளைக்கும். அதை மேய நூற்றுக்கணக்கில் யானைகள் திரளும். அது 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் பாசனத்துக்காகக் கட்டிய குளம்.

2. முதல் நாள் பிற்பகல்: தம்புள்ளை

கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பஸ்ஸில் வந்து அறை எடுங்கள். வெயில் தாழ்ந்ததும் குகைக் கோயிலுக்கு ஏறுங்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், செருப்பைக் கழற்றிவிடுங்கள், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். ஐந்து குகைகளில் இரண்டாவதில் நிதானமாக நில்லுங்கள். பாறைக் கூரையின் மேடுபள்ளத்தோடு ஓவியமும் வளைந்து போவதால் துணிப் பந்தல் கட்டியதுபோலத் தெரியும். கூரையிலிருந்து சொட்டும் நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்திருப்பார்கள்.

3. மறுநாள் விடியல்: சீகிரியா

வாசல் திறக்கும் நேரத்துக்கே இந்தப் பாறைக் கோட்டைக்குப் போய்விடுங்கள். ஏறத்தாழ 1,200 படிகள், மேலே நிழல் குறைவு. பலரும் நேரே பாறைக்கு ஓடுகிறார்கள், அது வேண்டாம். கீழே நீர்த்தோட்டத்தில் சிறு துளைகள் போட்ட வட்டக் கல்பலகைகளைத் தேடுங்கள். 5ஆம் நூற்றாண்டில், காசியப்ப மன்னன் காலத்தில் அமைத்த நீரூற்றுகள் அவை. மேட்டிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தாலேயே இயங்குபவை, நல்ல மழைக்காலத்தில் இன்றும் பீறிடும்!

பாதி உயரத்தில் உள்ள சுவரோவியங்களைப் படம் எடுக்கத் தடை. அருகில், கண்ணாடிபோல மெருகேற்றியதால் ‘கண்ணாடிச் சுவர்’ எனப்படும் சுவரில் பழங்காலப் பயணிகள் கீறிய கவிதைகள் இருக்கின்றன. தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் நூலாக்கினார். தயவுசெய்து சுவரைத் தொடாதீர்கள். உச்சிக்கு ஏறும் வாசலிலுள்ள பெரிய சிங்கப் பாதச் சிற்பங்களருகே குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் கூடாது.

4. பிற்பகல்: யானைகள்

மின்னேரியாப் பூங்காவுக்குச் சீகிரியாவிலும் பக்கத்து ஊரான ஹபரணையிலும் ஜீப் கிடைக்கும். வாடகையும் பூங்காக் கட்டணமும் தனித்தனி என்பதால் இரண்டையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். “குட்டிகள் பக்கத்தில் போக வேண்டாம்” என்று டிரைவரிடம் ஏறும்போதே சொல்லுங்கள்.

சில வருடங்களில் குளம் வற்றாமல் புல்வெளி மூழ்கிக் கிடக்கும். அப்போது யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்லைப் பூங்காவுக்கு நகர்ந்திருக்கலாம். எங்கே நிற்கின்றன என்று அன்றே விசாரித்த பிறகு டிக்கெட் எடுங்கள்.