ஃபிகர் ஸ்கேட்ஸைப் பேணுதல்: பையிலிருந்து தொடங்குவோம்

ரொறன்ரோவில் குளிர்காலம் பிறந்ததும் பிள்ளைகளை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோர் பலர். நாம் பனித்தளம் இல்லாத ஊரில் வளர்ந்தவர்கள். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடவும் அரிவாளுக்குச் சாணை பிடிக்கவும் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தே பழகிக்கொண்டோம். ஸ்கேட்ஸை எப்படிப் பேணுவது என்பதைச் சொல்லித்தர நமக்கு வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. என் மகளின் முதலாவது நல்ல சோடியை நான் பாழாக்கியதும் இந்த அறியாமையால்தான். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், சப்பாத்தின் அடியிலுள்ள உருக்கு அலகான பிளேட்டில் பிளாஸ்ரிக் உறையை மாட்டி, பையின் சிப்பை இறுக மூடி, கார் டிக்கியில் வைத்தேன்; செவ்வாய்க்கிழமை திறந்தபோது விளிம்பு நெடுகிலும் செம்மஞ்சள் கரை கட்டியிருந்தது. விரலால் தடவினேன், மண்போலப் பொடி ஒட்டிக்கொண்டது. பனியில் சறுக்கியதால் அந்தப் பிளேட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை. மூன்று நாள் ஈரத்தோடு பைக்குள் கிடந்ததால்தான் கறள், அதாவது துரு, ஏறியது.

கறள் ஏன் விளிம்பையே முதலில் பிடிக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், செய்ய வேண்டியவை தாமாகவே புரியும். ஃபிகர் ஸ்கேட்டின் பிளேட் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்பானது. அதன் அடிப்பக்கம் தட்டையாக இருப்பதில்லை; நடுவே நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓட, அதன் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூரிய விளிம்புகள் அமைகின்றன. முன்முனையில் தேங்காய்த் துருவலையின் வாயைப் போலப் பற்கள் இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உருவாகும் ஜோன் வில்சன், எம்கே பிளேட்டுகள் உட்படப் பெரும்பாலானவை காபன் உருக்கில் செய்யப்பட்டுக் குரோமியம் பூசப்பட்டவை. ஆனால் சாணை பிடிப்பதற்காக அடிவிளிம்பை ஒட்டிய பட்டையில் அந்தப் பூச்சு நீக்கப்பட்டிருக்கும். ஆகவே பனியைத் தொடும் இடத்தில்தான் உருக்கு வெறுமையாக இருக்கிறது. துருப்பிடிக்காத உருக்கில் செய்த பிளேட்டுகளும் கிடைக்கின்றன. அவை இவ்வளவு எளிதில் கெடுவதில்லை என்றாலும் துடைக்காமல் விடத்தக்கவை அல்ல.

பையைத் தெரிவுசெய்யும்போது பலரும் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது காற்றோட்டத்தை. பைக்குள் ஸ்கேட்ஸ் வைக்கும் அறையில் வலைத்துணியோ, உலோக வளையமிட்ட சிறு துளைகளோ இருக்க வேண்டும். அறையின் அடி, துடைத்தால் காய்ந்துவிடும் துணியாக இருக்க வேண்டும். உட்புறம் முழுவதும் வழவழப்பான பிளாஸ்ரிக் பூசி, சிப்பும் இறுக மூடும் பை, கடையில் பார்க்கும்போது சுத்தமாகத் தெரியும். ஈரத்தை வெளியே விடாததால் ஸ்கேட்ஸுக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை. இரண்டாவதாக, ஸ்கேட்ஸ் இருக்கும் அறையும் உடுப்பு இருக்கும் அறையும் வேறு வேறாக இருக்க வேண்டும். கையுறையும் மேற்சட்டையும் ஈரச் சப்பாத்தோடு ஒன்றாகக் கிடந்தால் எல்லாமே நனையும், எல்லாமே மணக்கும். மூன்றாவதாக, இடது ஸ்கேட்டின் பிளேட் வலது சப்பாத்தின் தோலை உராயாதபடி நடுவே தடுப்போ தனித்தனி அறைகளோ இருப்பது நல்லது.

முதுகில் மாட்டும் பைகளில் இருபுறமும் ஒவ்வொரு ஸ்கேட்டுக்கும் தனி அறை வைத்த வகை ஒன்று உண்டு. பேருந்தில் போய்வரும் குடும்பத்துக்கு அதுவே வசதி. படியேறவும் கூட்டத்தில் நுழையவும் இரண்டு கையும் காலியாக இருக்கும். சில்லு வைத்த சட்டகப் பைகளில் சூக்கா என்ற பெயரே பிள்ளைகளிடையே பிரபலம். அதன் அலுமினியச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்து நாடா கட்டலாம் என்பது, வாங்கில் இடம் கிடைக்காத சனிக்கிழமைக் காலைகளில் பெரிய உதவி. ஆனால் வெறும் பையே சில கிலோ எடையுள்ளது. எட்டு வயதுப் பிள்ளையால் அதைத் தூக்கிப் பேருந்தில் ஏற்ற முடியாது. மேலும் இங்கே குளிர்காலத்தில் நடைபாதையெங்கும் உப்புத் தூவுகிறார்கள். சில்லுகள் அந்த உப்புச் சேற்றை அள்ளி வந்து பையின் அடியில் பூசும். உப்பு நீர் உருக்குக்கு எப்படிப்பட்ட எதிரி என்பதைக் கடலோரத்தில் வாழ்ந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. சில்லுப் பை வாங்கினால், வீட்டு வாசலில் ஈரத் துணியால் சில்லையும் அடிப்பாகத்தையும் துடைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு சொல். நாட்டின் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடாவின் தொடக்கநிலைப் பயிற்சியான கான்ஸ்கேட்டில் 5ஆம் படிநிலை முடியும் வரை, கனடியத் தர அமைப்பான சிஎஸ்ஏயின் சான்று பெற்ற ஹொக்கித் தலைக்கவசம் கட்டாயம் என்பதால், தொடக்கப் பிள்ளையின் பையில் தலைக்கவசத்துக்கும் இடம் வேண்டும். பை வாங்கப் போகும்போது ஸ்கேட்ஸை உறையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்ப்பதே நல்லது. சிப் பிளேட்டின் முனையை உரசிக்கொண்டு மூடினால், அந்தப் பை ஒரு பருவம்கூடத் தாங்காது.

இனி, பனித்தளத்தை விட்டு வெளியே வந்ததும் செய்ய வேண்டியவை. உறைகள் இரண்டு வகைப்பட்டவை. அவற்றை மாற்றிப் பயன்படுத்துவதுதான் மிகப் பரவலான பிழை. கடினமான பிளாஸ்ரிக் உறை நடப்பதற்கு மட்டுமே. பனித்தளத்தின் கதவடியில் மாட்டி, உடைமாற்றும் அறைக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். தளத்தைச் சுற்றி ரப்பர் விரிப்பு இருந்தாலும் அதில் மணலும் கல்லும் சேர்ந்திருக்கும். வெறும் பிளேட்டோடு பத்து அடி நடந்தாலே விளிம்பு மழுங்கலாம். துணியாலான மென்மையான உறை வைத்திருப்பதற்கானது; அது மிச்ச ஈரத்தை உறிஞ்சும், பையையும் வெட்டுப்படாமல் காக்கும்.

துடைப்பதற்குப் பழைய பருத்தித் துவாய் ஒன்று போதும். பிளேட்டின் பக்கங்களை மட்டும் வழித்துவிட்டுப் போகக் கூடாது. பற்களின் இடுக்குகள், அடியிலுள்ள பள்ளம், பிளேட் சப்பாத்தோடு சேரும் இடம், திருகாணிகளைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில்தான் பனித்துகள் ஒளிந்திருக்கும். துவாயின் முனையை முறுக்கி அந்த இடுக்குகளுக்குள் செலுத்தித் துடைக்க வேண்டும். துடைக்கும்போது பிளேட்டின் நீளவாக்கில் விரலை ஓட்டினால் கை வெட்டுப்படும். குறுக்காக, முதுகுப்பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கித் துடைப்பதே பாதுகாப்பு. இது முடிந்ததும் உடனே பையில் வைக்காதீர்கள். உருக்கு இன்னும் குளிர்ந்திருப்பதால், சூடான அறையின் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் மறுபடி துளித்துளியாகப் படியும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தல் வியர்ப்பதைப் போன்றதுதான் இது. பிள்ளை உடைமாற்றித் தொப்பி போடும் வரை பத்து நிமிடம் பொறுத்து, இன்னொருமுறை துடைத்து, அதன்பின் துணி உறையை மாட்டுங்கள். இந்த இரண்டாவது துடைப்பை நான் ஒருநாளும் விடுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேட்ஸ் பையை விட்டு வெளியே வர வேண்டும். துணி உறையும் ஈரமாகியிருக்கும் என்பதால் அதைக் கழற்றிக் காயப்போட வேண்டும். இரண்டு சோடி உறை வைத்திருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். சப்பாத்தின் நாடாவை நன்றாகத் தளர்த்தி, நாக்கை முன்னோக்கி விரித்து, உள்ளே இருக்கும் அடியட்டையை வெளியே எடுத்து வையுங்கள். வியர்வை தேங்குவது அந்த அட்டைக்கு அடியில்தான். வியர்வை அதிகமென்றால் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, சில மணி நேரத்தில் எடுத்துவிடலாம். கனடிய வீடுகளின் தரையில் சூடான காற்று வரும் துவாரத்துக்குமேல் சப்பாத்தை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் தோல் வறண்டு வெடிக்கும், பசை இளகும், பிள்ளையின் காலுக்கென்று சூடேற்றிப் பதப்படுத்திய வடிவமும் குலையும். சாதாரண அறைக் காற்றே போதும். கார் டிக்கியில் விடுவதும் இதே காரணத்தால் கூடாது. கோடையில் வெக்கை, குளிர்காலத்தில் உறைந்துபோன சப்பாத்து.

தோலடி வைத்த சப்பாத்து என்றால் இன்னொரு வேலை உண்டு. திருகாணித் துளை வழியாக நீர் இறங்கினால் அடித்தோல் ஊறி, நாளடைவில் ஆணி பிடிக்காமல் போகும். புதிதாக வாங்கியதும் தேன்மெழுகு சேர்ந்த நீர்த்தடுப்புப் பூச்சை அடியிலும் குதியிலும் பூசி, பருவத்தில் ஓரிரு முறை மீண்டும் பூசுவது வழக்கம். அடி செயற்கைப் பொருளாலானால் இது தேவையில்லை. எந்த அடியானாலும் மாதம் ஒருமுறை திருகாணிகளைக் கைத்திருப்பியால் சோதிக்க வேண்டும். மின்சாரத் திருப்பி வேண்டாம். ஆணி இறுகாமல் சும்மா சுற்றினால் அதைத் தொழில்நுட்பம் தெரிந்தவரிடமே கொண்டுபோக வேண்டும்.

சாணை பிடிப்பதில்தான் பணத்தைவிடப் பெரிய இழப்பு நேரக்கூடும். கடையிலிருந்து வரும் புதிய பிளேட் பெரும்பாலும் சறுக்கத்தக்க கூர்மையோடு வருவதில்லை. முதல் வகுப்புக்கு முன்னரே சாணை பிடிக்க வேண்டும். அதன்பின் ஏறத்தாழ 20 முதல் 30 மணி நேரச் சறுக்கலுக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. வாரம் மூன்று மணி நேரம் சறுக்கும் பிள்ளைக்கு இது ஏறத்தாழ ஏழு முதல் பத்து வாரம். திறந்தவெளிப் பனித்தளங்களில் தூசும் மணலும் சேர்வதால் அங்கே சறுக்கினால் விரைவில் மழுங்கும். நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்த்தால், கூர்மையான விளிம்பு நகத்தை மெல்லியதாகச் சுரண்டும். வழுக்கினால் நேரம் வந்துவிட்டது.

யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஹொக்கி பிளேட்டைத் தினமும் தீட்டுபவர் எல்லோருக்கும் ஃபிகர் பிளேட் கைவராது. ஃபிகர் பிளேட் முழுநீளத்துக்கும் 7 அல்லது 8 அடி ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டைப் போல மெல்ல வளைந்திருக்கும். சுழலும்போது பிள்ளை நிற்பது அந்த வளைவின் முன்பகுதியில். அதை நேராக்கிவிட்டாலோ, கீழ்ப்பல்லை அரைத்துவிட்டாலோ திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. எங்களுக்கு அருகிலிருந்த ஒரு கடை என் மகளின் கீழ்ப்பல்லில் பாதியை அப்படி அரைத்துத் தந்தது. அவளது சுழற்சி ஒரு மாதம் தடுமாறியது. அதிலிருந்து, பயிற்சியாளர் சுட்டியவரிடம் தொலைவானாலும் கொண்டுபோகிறேன். பள்ளத்தின் ஆரம் என்ன என்று அவரிடம் கேட்டுக் குறித்துவைப்பதும் நல்லது. அரை அங்குலம், 7/16 அங்குலம் ஆகியவை வழக்கமான அளவுகள். திரும்ப வாங்கும்போது ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, இரு விளிம்புகளின் மேலும் ஒரு நாணயத்தைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். நாணயம் பிளேட்டுக்குச் சரியான செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்புகள் சமமில்லை. அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம்.

பருவம் முடிந்ததும் பிளேட்டை முற்றாக உலரவைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவி, உலர்ந்த துணி உறையிட்டு, சப்பாத்தை நாடா தளர்த்தியபடி நிலவறையில் அன்றி வீட்டின் மேல்தளத்து அலுமாரியில் வையுங்கள். செப்டெம்பரில் எடுத்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சாணைக்குக் கொடுப்பதற்கு முன் பிள்ளையின் காலில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோடையில் கால் வளர்ந்திருந்தால் சாணைக் காசைப் புதிய சோடிக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.